மேலேயா, உள்ளேயா, அடியிலா? சிறிய காரின் பெயிண்டைக் குறை பார்த்துச் சரிசெய்யும் முறை

ஐந்து ஆண்டு ஓடிய சிவப்புச் சிறிய கார் ஒன்றை நான் வாங்கியது ஒரு மாலை நேரத்தில். சென்னையில் ஒரு வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் நின்றிருந்தது. முகம் பார்க்கலாம் போல அப்படி ஒரு பளபளப்பு. மறுநாள் காலை பத்து மணி வெயிலில் பார்த்தபோது பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். மூன்றாவது முறை கழுவியபோது அந்தப் பளபளப்பும் எண்ணெய்ப் பசை போலத் தண்ணீரோடு போய்விட்டது. பதற்றத்தில் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசையான காம்பவுண்ட், கடையில் கிடைத்ததை எல்லாம் வாங்கித் தேய்த்தேன். ஓராண்டு முடிவதற்குள் வலது மட்கார்டின் விளிம்பில் சிவப்பு கரைந்து, அடியிலிருந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அந்த இடத்தை மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டியிருந்தது. தேய்க்கத் தேவையே இல்லாத இடம் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதனால் இந்தக் குறிப்பைக் குறைகளின் வரிசையில் எழுதுகிறேன். உங்கள் காரில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு பத்தி மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

காரின் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 மைக்ரான்தான், சில கார்களில் சற்றுக் கூடும். கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவில் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நாம் பளபளப்பு என்று சொல்வது முடியில் பாதியளவே தடிமனுள்ள அந்த மேல் தோலைத்தான். பாலிஷ் என்பது அந்தத் தோலைச் சீவி மட்டமாக்குவது. வேக்ஸ் என்பது அதன் மேல் பூசுவது. முன்னது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. போனது திரும்பாது.

ஆகவே எந்தக் குறையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது கிளியர் கோட்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறதா, அதற்குள்ளே இருக்கிறதா, அதற்கும் அடியிலிருந்து வருகிறதா என்பதுதான். மேலே இருந்தால் கரைத்து எடுக்கலாம். உள்ளே இருந்தால் பாலிஷ் வேண்டும். அடியில் இருந்தால் எந்தப் பாலிஷும் பயன்படாது, பெயிண்ட் கடைக்குத்தான் போக வேண்டும். காரைக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்திவிட்டு, ஒரு மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் துல்லியமாகத் தெரியும். சொரசொரப்பு இருந்தால் ஏதோ மேலே ஒட்டியிருக்கிறது. வழுவழுப்பாக இருந்தும் கண்ணுக்குக் குறை தெரிந்தால் அது உள்ளே இருக்கிறது. கொப்புளம், வீக்கம், செதில் என்றால் அடியில்.

வாங்கப் போகும் கார் அளவுக்கு மீறி மினுங்குகிறது

பழைய கார் விற்பவர்கள் கடைசி நாளில் எண்ணெய்த்தன்மையுள்ள பாலிஷ் ஒன்றைப் பூசிவிடுவது வழக்கம். அது கோடுகளை நிரப்பி மறைக்கும், அகற்றாது. இரண்டு மூன்று ஷாம்பு கழுவலில் போய்விடும். எனவே காரைக் காலை வெயிலிலோ, நன்றாக இருட்டிய பிறகு செல்பேசி விளக்கிலோ பாருங்கள். மாலை நிழலும் மழை நாளும் வாங்குபவருக்கு எதிரிகள். நனைந்த காரில் பாதிக் கீறல் கண்ணுக்கே தெரியாது. "கழுவ வேண்டாம், அப்படியே வைத்திருங்கள், வந்து பார்க்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது.

அடுத்துக் கதவு கதவாகப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயிண்டைச் சாய்வாக நோக்கினால் சாத்துக்குடித் தோல் போல நுண்ணிய மேடுபள்ளம் தெரியும். அது குறையே அல்ல. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கதவு மட்டும் கண்ணாடி போலவோ, மற்றவற்றைவிடக் கரடாகவோ இருந்தால் அது மறுபடி அடித்த பெயிண்ட். ஜன்னல் ரப்பரின் ஓரத்தை நகத்தால் மெல்ல மடக்கிப் பாருங்கள். அங்கே நிறத் துளி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பானெட்டைத் தூக்கி, மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் முனைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் அந்தப் பாகம் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பள்ளத்தை நிரப்பும் பட்டி தடிமனாகப் போட்ட இடத்தில் அது பிடிக்காமல் நழுவும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இந்தச் சோதனை செல்லாது.

மறுபடி பெயிண்ட் அடித்த கார் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. நகரத்தில் ஓடிய சிறிய காரில் கதவும் பம்பரும் ஒருமுறையாவது உரசாமல் இருப்பது அரிது. என் கணக்கில் விட்டுவிட வேண்டிய இடங்கள் மூன்று: கூரை, கதவுகளுக்கு இடையிலுள்ள தூண்கள், டிக்கியின் தரை. இவற்றில் டிங்கர் வேலையின் தடம் தெரிந்தால் அது உரசல் அல்ல, பெரிய விபத்து. பளபளப்பைப் பற்றிப் பேச அங்கே ஒன்றுமில்லை.

சென்னைக் கார் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தையும் நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரியலாம். ஸ்டெப்னிக் குழி, சீட்டின் கீழுள்ள தண்டவாளம், தரை விரிப்புக்கு அடிப்பகுதி ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வெளியே எவ்வளவு மினுங்கினாலும் உள்ளே நீர் நின்ற காரில் துரு அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் நிறுத்தும் வீட்டுக்கு வெள்ளையும் வெள்ளியும் நல்லவை. வெள்ளையில் கோடு தெரியாது, சாதாரண வெள்ளை என்றால் நிறம் சேர்ப்பதும் எளிது. வெள்ளி அழுக்கை மறைக்கும். ஆனால் ஒரு கதவை மட்டும் அடித்தால் அதிலுள்ள உலோகத் துகள்கள் வேறு கோணத்தில் படிந்து, பக்கத்துக் கதவோடு ஒட்டாமல் நிற்கும். கறுப்பும் கருநீலமும் கழுவத் தெரிந்தவருக்கு மட்டும். சிவப்பு அழகான நிறம், வெயிலுக்கு முதலில் தோற்பதும் அதுதான். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போல ஏராளமாக ஓடும் கார்களுக்குப் பழைய பாகமும் சரியான நிறக் கலவையும் சிற்றூரில்கூடக் கிடைக்கும். அதுவும் ஒரு பராமரிப்புச் செலவுக் கணக்குதான்.

விலை பேசும்போது ஒன்று. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய புதுக்கார் விலையை வைத்துப் பழைய காருக்கு விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புதுக் கார், முதல் நாளிலேயே வட்டக் கோடுகள்

இது நடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த கார் கிடங்கு வெயிலில் வாரக்கணக்கில் நின்று, டெலிவரிக்கு முந்தைய நாள் அவசரமாகக் கழுவப்படுகிறது. பத்துக் காருக்கு ஒரே வாளி, ஒரே துணி என்றால் கோடு விழத்தான் செய்யும். பணம் கட்டும்போதே, காரைத் துடைக்காமலும் பாலிஷ் போடாமலும், ஒட்டுப் படலம் இருந்தால் பிரிக்காமலும் கொடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதிவுக்கு முன்பே பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தயாரான மாதமும் ஆண்டும் காரின் விவரத் தகட்டிலிருந்து தெரியும். அது ஆறு மாதத்துக்கு முந்தையதாக இருந்தால் கூரையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். டெஃப்லான் பூச்சு, செராமிக் பூச்சு என்று அன்றே பில்லில் சேர்க்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். கோடு விழுந்த பரப்பின் மேல் பூசினால் கோடும் சேர்ந்தே உள்ளே பூட்டப்படும்.

வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை

சூரியனையோ தெருவிளக்கையோ சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். உண்மையில் அவை வட்டம் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் நேர்க்கோடுகளில் வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் கண்ணில் படுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. குறை கிளியர் கோட்டுக்குள்ளே இருக்கிறது.

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: காய்ந்த தூசியின் மேல் ஓட்டிய துணி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் ஒரு வாளி, ஒரு துணியோடு இருபது கார்களைத் துடைத்து முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு மணிக்கு வாளித் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஏழு மணிக்கு அதில் கை விட்டால் அடியில் மணல் நெருடும். அந்த மணலைத்தான் உங்கள் பானெட்டில் தேய்க்கிறார். தவறு அவருடையது அல்ல. அத்தனை கார்களுக்கு அவ்வளவு நேரமும் அவ்வளவு தண்ணீரும்தான் அவருக்குத் தரப்படுகிறது. நான் எங்கள் குடியிருப்பில் துடைக்கும் அண்ணனிடம் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, "கண்ணாடியையும் டயரையும் மட்டும் பாருங்கள் அண்ணா, பெயிண்டைத் தொட வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு புதிய கோடு விழவில்லை. தூசி படிந்த காரைவிடத் தினமும் வறட்டுத் துணியால் துடைத்த கார்தான் விரைவில் மங்கும். ஒரு வாரத் தூசி பெயிண்டுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது.

ஏற்கெனவே விழுந்ததைச் சரிசெய்ய, முதலில் கழுவும் முறையை மாற்றுங்கள். அதை மாற்றாமல் பாலிஷ் போட்டால் மூன்று மாதத்தில் திரும்பி வரும், ஆனால் தோல் மெலிந்துவிட்டிருக்கும். நிழலில், தகடு கைக்குக் குளிர்ந்த பிறகு, முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பில் நனைத்து ஒரு பக்கம் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்பில் விட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். கதவின் கீழ்ப்பாதி கடைசி. சக்கரத்துக்கு வேறு துணி. பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம், அது மேலே பூசிய வேக்ஸையும் கழுவி எடுத்துவிடும். உலர்த்துவதற்கு மைக்ரோஃபைபர் துண்டைப் பானெட்டில் விரித்துப் போட்டு, இரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தாலே போதும். கீழே விழுந்த துணியை அந்த நாளுக்கு மறந்துவிடுங்கள்.

பிறகுதான் பாலிஷ். கடையில் செய்யச் சொன்னால், அதிரும் வகை இயந்திரத்தில், மென்மையான பாலிஷில், கதவில் ஓரடிச் சதுரத்தில் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். கோடு எண்பது சதவீதம் மறைந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி இருபதுக்காகக் கரடான காம்பவுண்டைக் கையிலெடுத்தால் பத்து ஆண்டு நிற்க வேண்டிய கிளியர் கோட் பாதியாகும். மடிப்பு, விளிம்பு, கதவுக் கைப்பிடியைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் பெயிண்ட் இயல்பிலேயே மெல்லியது. அங்கே டேப் ஒட்டாமல் இயந்திரத்தை ஓட்டவே விடாதீர்கள். என் மட்கார்டு போனது அப்படித்தான்.

வெள்ளை வட்டங்கள், கழுவக் கழுவக் கூடுகின்றன

போர் தண்ணீரால் கழுவும் வீடுகளில் இது தவறாமல் வரும். துளி காய்ந்த இடத்தில் அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் உப்பாகத் தங்கிவிடுகின்றன. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் காரைக் கழுவப் பயன்படுத்துகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு மூலத் தண்ணீரைவிடச் செறிந்திருக்கும். அதைச் சக்கரத்துக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பை சோதனையில் மேடாகத் தட்டுப்பட்டால் உப்பு மேலேதான் இருக்கிறது. சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் போர்த்திவிட்டு எடுங்கள். நிழலில் மட்டும் செய்யுங்கள், உடனே நிறையத் தண்ணீர் விட்டு ஷாம்பால் கழுவிவிடுங்கள். ஒரே முறையில் போகாவிட்டால் மறுநாள் இன்னொரு முறை. ஊற வைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. மேடு போன பிறகும் வட்டத்தின் தடம் பள்ளமாகத் தெரிந்தால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ் வேண்டும்.

வராமல் தடுக்க ஒரு வழி சொல்கிறேன். ஏ.சி.யின் வெளிக்குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. புழுக்கமான சென்னை இரவில் ஒரு ஏ.சி. ஐந்தாறு லிட்டராவது தந்துவிடும். அதைத் துணியில் வடிகட்டிக் கேனில் சேர்த்து வைத்து, கழுவிய காரின் மேல் கடைசி அலசலாகக் கூரையிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். துடைக்கத் தவறிய துளி காய்ந்தாலும் தடம் விடாது. எங்கள் வீட்டுப் பால்கனியில் அதற்கென்றே இரண்டு கேன்கள் இருக்கின்றன.

ஒரே இடத்தில் நிறுத்தும் காரில் சுண்ணாம்பு வழிந்த கோடு

அடுக்குமாடியின் கீழ்த்தள நிறுத்தத்தில், கான்கிரீட் கூரையின் விரிசல் வழியே சொட்டும் தண்ணீர் இது. மேல்தளத்தில் கசியும் குழாயோ மழை நீரோ சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. கூரையில் சின்னஞ்சிறு வெள்ளை ஊசிகள் தொங்குகின்றனவா என்று அண்ணாந்து பாருங்கள். இது கடும் காரம். சாதாரண உப்புத் தடத்தைவிட மோசமாக அரிக்கும். வினிகர் முறையேதான், ஆனால் நாள் கடத்தக் கூடாது. வண்டியை அந்தச் சொட்டுக்குக் கீழிருந்து நகர்த்தாமல் என்ன செய்தாலும் பயனில்லை. நகர்த்த இடமில்லை என்றால் கூரையின் அடியில் ஒரு தகரத் தகட்டைக் கட்டி நீரைச் சுவர்ப் பக்கம் திருப்பலாம்.

கழுவிய பிறகும் கைக்குச் சொரசொரப்பு

வெள்ளைக் காரில் உற்றுப் பார்த்தால் செம்புள்ளிகள் தெரியும். ரயில் தடத்தின் ஓரம், கிரில் வெல்டிங் நடந்த வீட்டு வாசல், பட்டறைப் பகுதி ஆகிய இடங்களில் நிற்கும் கார்களில் இரும்புத் தூள் பதிந்து அங்கேயே துருப்பிடிக்கிறது. துரு உங்கள் தகட்டில் இல்லை, பயப்பட வேண்டாம். இதற்கென்று விற்கும் இரும்பு நீக்கியைத் தெளித்தால் புள்ளிகள் ஊதா நிறமாகிக் கரைந்து வழியும். பிறகும் மீதி இருந்தால் களிமண் கட்டி போன்ற கிளே பார். சோப்புத் தண்ணீரை நிறைய விட்டு, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். கட்டியில் அழுக்கு ஏறியதும் மடித்துப் பிசைந்து புதிய பக்கத்தைத் திருப்புங்கள். கட்டி தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் போதும். இந்த வேலை முடிந்ததும் மேலே வேக்ஸ் பூசியாக வேண்டும்.

தார்ப் புள்ளி என்றால் மண்ணெண்ணெயை துணியின் நுனியில் தொட்டு ஒத்தி எடுங்கள், அடுத்த நிமிடமே ஷாம்பால் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், தின்னர் வேண்டவே வேண்டாம்.

காக்கை எச்சம், மரப்பிசின், மாம்பூக் காலத்துப் பிசுபிசுப்பு

எச்சத்தில் அமிலம் இருக்கிறது, சித்திரை வெயிலில் ஒரு பகல் போதும். காய்ந்ததைத் துடைத்தால் அதிலுள்ள விதையும் மண்ணும் கீறிவிடும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு, ஊறியதும் அள்ளி எடுங்கள். இதற்காகவே டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய பருத்தித் துணியும் வைத்திருக்கிறேன். எடுத்த இடத்தில் மங்கலான தடம் மிஞ்சினால் அது உள்ளே போய்விட்டது, பாலிஷ்தான்.

மாமரத்தடியில் தை, மாசியில் பூ விடும்போது கார் முழுவதும் பசை தெளித்தது போலாகும். அது மரத்தின் பால் அல்ல. பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர். வெந்நீருக்கும் ஷாம்புக்கும் போய்விடும், விட்டுவைத்தால் அதன் மேல் கரும்பூஞ்சை ஏறும். வேம்பின் பிசின் காய்ந்து கண்ணாடி மணி போல் நின்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் இளகும்.

ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த கறையும் கீறலும்

பூஜையை விட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வைத்து வெயிலில் காயவிட்டால், வெள்ளைக் காரில் மஞ்சளும் சிவப்புமாகத் தடம் தங்கும். விபூதியை மூன்று விரலால் பட்டையாக இழுக்கும்போது அந்தச் சாம்பலின் துகள் கோடு போடுகிறது. நம்பர் பிளேட்டிலோ முன் கண்ணாடியின் மேல் ஓரத்திலோ வைத்துவிடுங்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. வாழைக் கன்றைக் கட்டினால் வெட்டிய முனையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள், வாழைக்கறை பழுப்பாகப் படிந்துவிடும். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள். அன்று மாலையே எல்லாவற்றையும் நிறையத் தண்ணீர் விட்டு இறக்கிவிட்டால் ஒரு குறையும் வராது.

கூரையும் பானெட்டும் மட்டும் வெளுக்கின்றன

இதில் இரண்டு வகை உண்டு. சிகிச்சை வேறு வேறு. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால், அந்தப் பெயிண்டில் கிளியர் கோட் இல்லை. பழைய கார்களிலும், மலிவாக மறுபடி அடித்த கார்களிலும் இப்படி இருக்கும். வெளுத்த மேல்பரப்பு பாலிஷில் போய், நிறம் பழையபடி எழும். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வேக்ஸ் போட்டுக் காக்காவிட்டால் திரும்ப வெளுக்கும்.

துணியில் நிறமே ஏறவில்லை, வெளுப்பு திட்டுத் திட்டாக இருக்கிறது, ஓரத்தில் வெங்காயத் தோல் போல உரிகிறது என்றால் கிளியர் கோட் செத்துவிட்டது. தேய்த்தால் இன்னும் உரியும். உப்புத்தாள் போட்டுச் சீவி, அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பாலிஷில் சரியாகும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புதிதாக அடித்த பெயிண்டுக்கு ஒரு மாதமாவது வேக்ஸும் செராமிக்கும் போடாமல் விடுங்கள், உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும்.

கீறல்

தண்ணீர் தொட்டு வைத்தால் மறைகிறது, நகம் தடுக்கவில்லை என்றால் பாலிஷில் போகும். நகம் தடுக்கினால் உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்று பாருங்கள். சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் ப்ரைமர், அவசரமில்லை. தகடு மின்னினால் அந்த வாரமே மூட வேண்டும், அதுவும் கடற்கரை ஊர் என்றால் நாளையே. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது வெறும் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, மனம் வந்தபோது செய்துகொள்ளலாம்.

டச்சப் பெயிண்டை நிறத்தின் பெயர் சொல்லி வாங்காமல், கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டிலிருக்கும் நிற எண்ணைச் சொல்லி வாங்குங்கள். புட்டியோடு வரும் தூரிகை பெரியது. பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு சொட்டு வைத்தால் குழிக்குள் மட்டும் நிற்கும். எம்-சாண்ட் லாரிகளின் பின்னால் தினமும் போகும் காரில் பானெட்டின் முன்விளிம்பு முழுக்க இப்படிச் சிறு குழிகள் விழும். மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.

இன்சூரன்ஸில் செய்யலாமா என்று கேட்பீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம், பெயிண்ட் பொருள் செலவில் 50 சதவீதம் தேய்மானம் என்று கழிப்பார்கள். தேய்மானமில்லா பாலிசியில் இந்தக் கழிவு இல்லை. ஆனால் எதில் கேட்டாலும், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடி பறிபோகும். ஒரு கதவுக் கீறலுக்கு அது கட்டுப்படியாகாது.

பம்பர் மட்டும் வேறு நிறம்

பெரும்பாலும் குறை அல்ல. தகடு அதிக வெப்பத்தில் சுடப்படுகிறது, பிளாஸ்டிக்கை அந்த அளவு சுட முடியாது. அடிப்பொருளும் வேறு, சூளையும் வேறு. புதுக் காரிலேயே மெல்லிய வேறுபாடு இருக்கும். சில ஆண்டு வெயிலில் அது கூடுகிறது.

கதவின் கீழ் விளிம்பில் கொப்புளம்

அழுத்தினால் மொறுமொறு என்று உடைகிறதா? துரு அடியிலிருந்து வருகிறது. வெளியே தெரிவது ஒரு ரூபாய் நாணயம் அளவு என்றால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெயிண்ட் அடித்து மூடினால் அடுத்த மழையில் மறுபடி எழும். உரித்து, துருவைத் தகடு வரை சீவி, துருத்தடுப்புப் பூச்சு, பட்டி, ப்ரைமர், நிறம் என்று வரிசையாகத்தான் வர வேண்டும்.

இங்கே உண்மையான காரணம் பெயிண்ட் அல்ல, கதவுக்குள் தேங்கிய தண்ணீர். ஜன்னல் கண்ணாடி வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று துளைகள் இருக்கின்றன. அவை மண்ணடைத்துப் போனால் நீர் உள்ளேயே நிற்கும். மழைக்கு மறுநாள் கதவை வேகமாகத் திறந்து மூடிப் பாருங்கள், சளக் என்று சத்தம் கேட்டால் அதேதான். கதவைத் திறந்து, கீழே உட்கார்ந்து, விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனால் துளை தட்டுப்படும். தென்னை ஈர்க்கால் மெல்லக் குத்திவிடுங்கள். என் காரின் பின்கதவில் அப்படிக் குத்தியபோது செம்மண் கலந்த தண்ணீர் அரை டம்ளர் அளவு கால் மேல் கொட்டியது. ஐப்பசி பிறப்பதற்கு முன் நான்கு கதவுக்கும் டிக்கிக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை.